இராசாத்தி படலையில் நிற்கிறாள்

1

ஒரு குடம் தண்ணீர் அள்ளிக் கொடுப்பதற்குப் பதிலாக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசிப் பக்கத்தில் தெரியவந்தால் என்னைக் கள்ளன் என்பீர்கள். இப்போதே சொன்னால் சோம்பேறி என்பதோடு விட்டுவிடுவீர்கள்.

காலை எட்டரை மணிக்கு இராசாத்தி வந்தாள். வேலிப் படலைக்கு வெளியே நின்று இரண்டு தரம் கூப்பிட்டாள். நான் முற்றத்துக்கு வந்ததும் தலைச் சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கந்தப்பு படுத்த படுக்கையாம். மூன்று நாளாகக் கஞ்சி இறங்கவில்லையாம். நேற்றுப் பின்னேரம் கண்ணைத் திறந்து, வாத்தியாரிடம் இருக்கிற குடத்தை வாங்கிக்கொண்டு வா என்றானாம்.

"எப்பிடித் தாறதெண்டு ஐயாவுக்குத் தெரியுமாம்" என்றாள்.

எனக்குத் தெரியும். "கொஞ்சம் பொறு, வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். குடம் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் நாலு வருடமாக இருக்கிறது. அதை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது என் கையில் பேனா இருந்தது.

இன்று சனிக்கிழமை. 1947ஆம் ஆண்டு, சித்திரை. நான் கோப்பாயில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தின் தலைமை வாத்தியார். இராசாத்தி படலையில் நிற்கிறாள். நான் கெதியாக எழுதவேண்டும்.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது: "நீர்வேலி வாழைத் தோட்டங்களின் மேலே சித்திரை வெயில் பொன்னை உருக்கி வார்த்த..." அடித்துவிட்டேன். வெயிலில் தொடங்குகிறவன் மனிதரிடம் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

இரண்டாவது: "சின்னத்தங்கம் ஒரு ஏழைப் பெண்." இதையும் அடித்தேன். அவள் ஏழைதான், ஆனால் அதற்காக அவள் படலைக்கு வெளியே நிற்கவில்லை. கழுத்து நிறையப் பவுன் போட்டிருந்தாலும் அங்கேதான் நின்றிருப்பாள்.

(சாதியின் பெயரை எழுதவில்லை. எழுதாமல் விடுவதை நாகரிகம் என்று நாங்கள் பழகிவிட்டோம். எழுதினாலும் விட்டாலும் யார் கிணற்றில் யார் அள்ளலாம் என்பது இங்கே பால்குடிக்கும் தெரியும்.)

மூன்றாவது தொடக்கம் அலங்காரம் இல்லாதது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சின்னத்தங்கம் நீர்வேலியில் நடராசா வீட்டுப் படலைக்கு வெளியே வெறுங்குடத்தோடு நின்றாள். அவள் கந்தப்புவின் பெண்சாதி. அவர்களுடைய குடியிருப்பில் இருந்த ஒரே கிணறு அந்தக் கோடையில் வற்றிவிட்டது. நடராசா வீட்டுக் கிணறு ஒடுங்கிய ஒழுங்கைப் பாதைக் கரையில், வேலிக்கு உட்புறமாக இருக்கிறது. தண்ணீர் அள்ளுகிற துலாக்கொடியை அவள் தொட முடியாது. வீட்டுக்காரர் யாராவது வந்து அள்ளி, வேலி இடைவெளியால் உயரப் பிடித்து அவளுடைய குடத்தில் ஊற்றவேண்டும். அதுவரை நிற்கவேண்டும். கூப்பிடுவதானால் இரண்டு தரம் கூப்பிடலாம். மூன்றாம் தரம் கூப்பிட்டால் வாய்க்காரி என்று பெயர் வரும்.

அன்று அவளோடு அதே குடியிருப்பைச் சேர்ந்த இராசாத்தியும் நின்றாள். ஆம், இதே இராசாத்திதான்.

3

வீட்டுக்குள் நாலு பேர் இருந்தார்கள். உள்ளே நடந்ததை எனக்குச் சொன்னவள் நடராசாவின் மகள் குணலட்சுமி. அவள் என்னிடம் படித்தவள்.

நடராசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட குரலுக்கு அவர்தான் பதில் சொன்னார்: "பொறு, வருவினம்." வருகிறவர் யார் என்று அவர் யோசிக்கவில்லை. அவருடைய மனைவி ஞானாம்பிகை முழுகிவிட்டு விரதச் சமையலில் இருந்தாள். ஊற்றும்போது ஒரு துளி தெறித்தாலும் திரும்ப முழுகவேண்டும், ஆகவே மகன் போவான் என்று இருந்துவிட்டாள். மகன் சிவசுப்பிரமணியம் பத்திரிகையில் யுத்தச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தான். தோட்டத்துக் கூலியாள் வந்து ஊற்றுவான் என்பது அவனுடைய எண்ணம். கூலியாள் அன்று வரவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

குணலட்சுமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் எழும்பினனான் வாத்தியார். அம்மா பாத்தா. இருந்திட்டன்."

இராசாத்தி ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வேறு வீட்டு வளவு பார்க்கப் போனாள். சின்னத்தங்கம் போகவில்லை. பொறு என்று சொன்ன பிறகு போனால் அது மரியாதைக் குறைவு. நாளைக்கு அந்த வீட்டில் ஊற்றமாட்டார்கள். அவள் பன்னிரண்டு மணி வரை நின்றாள். பிறகு அரைமைலுக்கு அப்பால், கட்டு இல்லாத ஒரு பாழ்ங்கிணறு இருந்தது, அங்கே போனாள். தண்ணீர் அள்ளுகிற ஓட்டைப் பட்டை ஒன்றும் கயிறும் அங்கே கிடந்தன. கரை மண் இளகியிருந்தது. பின்னேரம் தேடிப் போனபோது குடம் மட்டும் கரையில் உடையாமல் இருந்தது.

மரண விசாரணையில், தன் கவனக் குறைவால் விழுந்து இறந்தாள் என்று எழுதினார்கள். கந்தப்பு பெருவிரலை வைத்தான்.

(எட்டிப் பார்த்தேன். இராசாத்தி பூவரசு நிழலுக்கு நகர்ந்திருக்கிறாள். அந்த நிழல் இன்னும் அரை மணி நேரம் இருக்கும்.)

4

அடுத்த வருடம் எங்கள் வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் கேட்டார்கள். இதை எழுதினேன். பெயரைச் சொல்லமாட்டேன், இப்போது அந்தப் பெயரை நினைக்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பெரிய வீட்டில் நாலு பேர் சாப்பிட்டுக் கையலம்பும் நேரம் ஒரு அந்நியன் வருகிறான். ஒருத்தி செத்துவிட்டாள் என்கிறான். எங்களுக்கென்ன என்கிறார்கள். அவன் ஒவ்வொருவரையும் முன்னால் இருத்தி, நீ அந்த நேரம் எங்கே நின்றாய், என்ன செய்தாய் என்று கேட்கிறான். ஒருவரும் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சங்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பிணம்.

அந்த நாடகத்தில் செத்தவள் மேடைக்கு வருவதே இல்லை. நடுவில் ஒரு வெறுங்குடம் மாத்திரம் இருக்கும். விழாவுக்கு வந்த ஒரு பண்டிதர் அதை வெகுவாகப் பாராட்டினார். பாத்திரம் இல்லாமலே பாத்திரத்தைப் படைத்த நுட்பம் என்றார். நானும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

உண்மை வேறு. சின்னத்தங்கத்துக்கு நாலு பக்க வசனம் எழுதியிருந்தேன். பெண் வேஷம் கட்டுகிற மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவன் இராணி என்றால் கட்டுவேன் என்றான். ஒருவனுடைய தாய் வந்து என் வீட்டு முற்றத்தில் நின்று அழுதாள். மூன்றாவது ஆள் விழா முடியும்வரை ஊரிலேயே இல்லை. வேறு வழியில்லாமல் அந்த நாலு பக்கத்தையும் கிழித்தேன். நுட்பம் பிறந்தது இப்படித்தான்.

குடத்துக்கு நான் கந்தப்புவிடம் போனேன். வேறு மண்குடம் ஊரில் இல்லையா என்று கேட்பீர்கள். உண்மையான குடம் மேடையில் இருந்தால் கனம் வரும் என்று நினைத்தேன். எழுதுகிறவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும். "கந்தப்பு, அந்தக் குடத்தைத் தா, நடந்ததைச் சனம் எல்லாம் பாக்கட்டும்" என்றேன். "முழுக்கக் காட்டுவியளோ ஐயா?" என்று கேட்டான். ஓம் என்றேன். உள்ளே போய், சீலையில் துடைத்துக் கொண்டுவந்து தந்தான்.

(இந்த இடத்தை எழுதும்போது முதலில் நான் அவனை "நீங்கள்" என்று அழைப்பதாக எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் என்னிலும் பத்து வயது மூத்த அந்த மனிதனை நான் என் வாழ்நாளில் அப்படி அழைத்ததில்லை. மாற்றிவிட்டேன்.)

5

மண்ணெண்ணெய்க்குக் கூப்பன் வெட்டுகிற காலம் என்பதால் நாடகத்தைப் பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கினோம். முன்வரிசைக் கதிரையில் நடராசா குடும்பத்தோடு வந்து இருந்தார். கந்தப்புவும் அவனுடைய ஆட்களும் தென்னோலைக் கிடுகு வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அவர்களுக்கென்று வேலியில் இரண்டு கிடுகைக் கழற்றிவிடச் செய்தவன் நான். அன்று அதைப் பெரிய சீர்திருத்தமாக நினைத்தேன்.

நடராசா அழுதார். எனக்கு அது எதிர்பாராத வெற்றி. சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஏறி என் கையைப் பிடித்தார். "கரவெட்டிப் பக்கம் உப்பிடித்தான் வாத்தியார். மனச்சாட்சி இல்லாத சனம்" என்றார்.

அவர் நடிக்கவில்லை. அந்த வீடு தன்னுடைய வீடு என்று அவருக்குத் தெரியவே இல்லை. குணலட்சுமி மட்டும் கதிரையை விட்டு எழும்பாமல் மேடையில் இருந்த குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மாலை போட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு குடத்தைத் திருப்பிக் கொடுக்க வேலிப் பக்கம் போனேன். கந்தப்பு அங்கேயே நின்றான்.

"நாலு பேரையும் நல்லாக் காட்டிப்போட்டியள் ஐயா" என்றான். "அஞ்சாவது ஆளைக் காணேல்லை."

யார் அது என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"அவள் படலையடியிலை நிக்கேக்கை, சைக்கிளிலை ஒராள் மணியடிச்சுக்கொண்டு போனவராம். இராசாத்தி கண்டவள். ஆளை அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

6

இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் சைக்கிளில் போனவனைக் காற்று அள்ளிக்கொண்டு போனதாகவே வந்தது. இனி நேராக எழுதுகிறேன்.

சைக்கிளில் போனது நான்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்குப் புத்தூரில் பள்ளிக்கூட மனேச்சரைப் பார்க்கப் போனேன். தலைமை வாத்தியார் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய றோட்டில் பட்டாள லொறிகள் ஓடின காலம், ஆகவே ஒழுங்கையால் போனேன். திரும்பியதும் எதிரே வெறுங்குடத்தோடு இரண்டு பெண்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவனுக்கு வெறுங்குடம் எதிர்ப்பட்டால் என்ன சகுனம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் சகுனத்தைப் பற்றி நான் எவ்வளவோ பகிடி பண்ணியிருக்கிறேன். ஆனால் அன்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு மணியை அடித்தேன். அவர்கள் குடத்தை முதுகுப் பக்கம் மறைத்து, வேலியோடு ஒதுங்கி வழி விட்டார்கள்.

எனக்காகத்தான் குடத்தை மறைத்தார்கள். என்னுடைய காரியம் கெட்டுவிடக்கூடாது என்று.

நான் அந்தக் கிணற்றில் அள்ளலாம். நடராசா வீட்டில் என்னை ஒருவரும் தடுக்கமாட்டார்கள். இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு தரம் துலாவை இழுத்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதன் பிறகு என் எதிரே இருந்திருப்பது நிறைகுடம். இந்த எளிய கணக்கு எனக்கு விளங்க ஒரு சாவு வேண்டியிருந்தது. வேலை கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விசாரிக்க வந்த அந்நியனாக மேடையில் நின்றவனும் நானே. வேறு யாரையும் அந்த வேஷத்துக்கு நான் விடவில்லை. கேட்கிறவனை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, எவ்வளவு வசதியான இடம் அது.

7

கந்தப்புவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. குடத்தை நீட்டி, கொண்டு போ என்றேன்.

"வெறுங்குடமாய்க் கொண்டு போகமாட்டன் ஐயா" என்றான். "அவள் வெறுங்குடத்தோடைதான் போனவள். உங்கடை கிணத்திலை, உங்கடை கையாலை நிரப்பித் தாங்கோ. எங்கடை வாசல் மட்டும் கொண்டந்து தாங்கோ. அப்ப வாங்கிறன்."

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே பிடித்தபடி நடந்து போனான்.

(இதை வாசித்துப் பார்த்த சிநேகிதர் ஒருவர், அப்படியான ஒருவன் இப்படிக் கதைக்கமாட்டான், பாத்திரம் கெட்டுவிட்டது என்றார். போன வருடம் இந்தக் கதையின் பழைய பிரதி ஒன்றை அவருக்குக் காட்டினேன். அதற்கு முதல் வருடமும் ஒன்று எழுதினேன். ஓம், நான் இதை எழுதுவது இது முதல் தரம் அல்ல. அந்த முந்தின பிரதியில் கந்தப்பு அழுகிறான், நான் அவனைத் தேற்றுகிறேன். அது நன்றாக இருக்கிறது என்றார் சிநேகிதர்.)

நாலு வருடமாக அந்தக் குடம் என் வீட்டில். நிறைகுடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கோப்பாயிலிருந்து கந்தப்புவின் வாசல் வரை ஒன்றரை மைல். பகலில் போகவேண்டும், ஊர் பார்க்கும். தலைமை வாத்தியார் யாருக்குத் தண்ணீர் காவுகிறார் என்று கேட்பார்கள். மனேச்சர் காதுக்குப் போகும். என் தங்கைக்குப் பேசி வந்த இடம் போய்விடும். இவையெல்லாம் சாட்டு, தப்பிக்கிற காரணம் என்று நீங்கள் சொல்லலாம். சாட்டுத்தான். நடராசா வீட்டில் நாலு பேரிடம் இருந்தவையும் இதே அளவு நல்ல சாட்டுகள்.

8

முடிவுகள்.

ஒரு முடிவில் நான் குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கைகளால் நடக்கிறேன், இராசாத்தி பின்னால் வருகிறாள், கந்தப்பு ஒரு மிடறு குடிக்கிறான். வாசகருக்குக் கண் கலங்கும். நடராசாவுக்கும் கலங்கும்.

இன்னொரு முடிவில் படலையைத் திறந்து, வந்து நீயே அள்ளு என்று இராசாத்தியிடம் சொல்கிறேன். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் கந்தப்பு கேட்டது என் கையை.

மூன்றாவது, வெறுங்குடத்தை அவளிடம் கொடுத்து, வழியில் எங்கேயாவது...

இந்த வசனத்தை முடிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழும்பினேன்.

இப்போது எழுதுவது பதினைந்து நிமிடத்துக்குப் பிந்தியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துலாவை இழுத்தேன். நிரப்பினேன். உலர்ந்து கிடந்த மண், தண்ணீர் பட்டதும் மணத்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே வெட்கம். தோளுக்கு ஏற்றக் குனியும்போது பக்கத்து வளவுச் செல்வரட்ணம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். படலையில் நின்ற இராசாத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன வாத்தியார், உந்தக் குடத்தோடை?"

"செவ்வரத்தைக்குத் தண்ணி விடுறன்" என்றேன்.

சொன்ன பிறகு விடத்தானே வேண்டும். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். குடத்தைச் சரித்து, ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் செவ்வரத்தைச் செடியின் அடியில் ஊற்றினேன். இராசாத்தி அதைக் கண்டாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னை அந்த நிலையில் பார்த்துவிடக்கூடாது என்று நினைத்திருப்பாள். அவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

செல்வரட்ணம், வெயிலுக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேலிக்கு மேல் இப்போது ஒருவரும் இல்லை. நான் திரும்ப நிரப்பியிருக்கலாம். மேசைக்கு வந்துவிட்டேன்.

9

"முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன்." இப்படி எழுதித்தான் பழைய பிரதிகளை முடித்திருந்தேன். இப்போதும் எழுதிவிட்டேன். எழுதியதை வாசித்துப் பார்க்கிறேன். பொறு, வருவினம் என்று நடராசா சொன்னதை நான் நல்ல தமிழில் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே அதை அடிக்கிறேன். வேறு வசனம் வரவில்லை.

களைத்துவிட்டேன். பன்னிரண்டு மணியாகப் போகிறது. பூவரசு நிழல் போய்விட்டது. குடம் என் காலடியில் ஈரமாக இருக்கிறது. வெளிப்புறமும் கசிந்து சீமெந்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அது காய்வதற்குள் எழும்பவேண்டும் என்று நினைக்கிறேன். கந்தப்பு உயிரோடு இருக்கிறானா தெரியாது. இராசாத்தி மூன்றாம் தரம் கூப்பிடவில்லை.

நீங்கள் வாசித்து முடித்துவிட்டீர்கள், உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும். போகிற வழி என் படலையைத் தாண்டித்தான். மணி அடிக்கத் தேவையில்லை. ஆள் வருகிற சத்தம் கேட்டாலே அவள் வேலியோடு ஒதுங்கி வழி விடுவாள்.